சங்கிலிப் படம் போதும். கேமராவை அவர்கள் கையில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக மனநல நாளையொட்டித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளிவந்த சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். கட்டுரையில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அரசு மருத்துவமனையில் மனநல மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கும் என்பதையும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம் என்பதையும் செய்தியாளர் யாருக்கும் புரியும்படி எழுதியிருந்தார். ஆனால் அந்தக் கட்டுரைக்கு மேலே நான்கு காலம் அகலத்தில் அச்சாகியிருந்த படத்தில் இருந்தது மண்தரையில் ஊன்றிய ஒரு காலும் அந்தக் காலைச் சுற்றிய துருவேறிய சங்கிலியும் மட்டுமே. முகம் இல்லை. எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரம் இல்லை. ‘கோப்புப் படம்’ என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது. இந்தக் கடிதம் அந்தப் படத்தைப் பற்றியது.

நான் பாம்பனில் புகைப்பட ஸ்டுடியோ வைத்திருப்பவன். பாஸ்போர்ட் சைஸ் படம், கல்யாண ஆல்பம், மீனவர் அடையாள அட்டைக்கான படம், கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் பழைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுப்பது என்று எங்கள் பிழைப்பு ஓடுகிறது. என் தம்பி மனச்சிதைவு நோய்க்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்று வருகிறான். படம் எடுக்கவும் தெரியும், அந்த நோய் ஒரு வீட்டுக்குள் எப்படிக் குடியிருக்கும் என்றும் தெரியும் என்பதால், இதைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன். நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கடற்கரையில் மனநோயோடு வாழ்பவர்களைப் பிறர் எடுத்த படங்கள் வேண்டிய அளவு வந்துவிட்டன. இனி அவர்களே எடுத்த படங்களும், அந்தப் படங்களை வைத்துக்கொண்டு அவர்கள் சொல்லும் கதைகளும் வர வேண்டும். அதற்குத் தங்கள் நாளிதழ் இடம் கொடுக்க வேண்டும்.

சங்கிலிப் படத்தை நான் அறவே வெறுப்பவன் என்று நினைத்துவிட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியும் முன்பாக, மனநோய் தீர வேண்டி மக்கள் வந்து தங்கும் தர்கா உள்ள எங்கள் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றி எரிந்தபோது, உள்ளே கட்டிப் போடப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். கருகிய கொட்டகையையும் அதில் கிடந்த சங்கிலிகளையும் காட்டிய படங்கள் அன்று வெளிவந்திராவிட்டால் நாடு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்திருக்குமா என்பது ஐயமே. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் அப்படி நடந்துவந்த காப்பகங்கள் மூடப்பட்டன. தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கட்டும் என்று அரசு மனநல மருத்துவர்கள் அங்கேயே வந்து பார்க்கும் ஏற்பாடும் பின்னால் உண்டாயிற்று. 2018 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயுள்ள ஒருவரை எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று சொல்கிறது. அந்தப் பிரிவுக்குப் பின்னால் ஏர்வாடியின் சாம்பல் இருக்கிறது. அந்தப் படங்கள் செய்ய வேண்டிய வேலையை அன்றே செய்து முடித்தன.

இன்று அதே வகைப் படம் வேறு வேலை செய்கிறது. பிரசவத்துக்குப் பின் தூக்கம் வராமல் அழும் பெண்ணைப் பற்றிய செய்தியா, பிளஸ் டூ தேர்வுப் பயம் பற்றிய செய்தியா, கடன் தொல்லையில் குடிக்கு அடிமையான விசைப்படகுத் தொழிலாளியைப் பற்றிய செய்தியா, எதுவானாலும் ‘மனநலம்’ என்ற தலைப்பின் கீழ் அந்தக் காலும் சங்கிலியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 2015-16இல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் சற்று மேலாக, அதாவது 10.6 விழுக்காட்டினருக்கு, மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. அவர்களில் உரிய சிகிச்சை கிடைக்காதவர்கள் கோளாறுக்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை என்றும் அதே ஆய்வு சொன்னது. இத்தனை பேர் மருத்துவரிடம் போகாததற்குக் காரணங்கள் பல. ஆனால் மகளுக்கு நான்கு மாதமாக மனசு சரியில்லை என்று தெரிந்த ஒரு தாய், தங்கள் பக்கத்தைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது சங்கிலியை என்றால், கட்டுரையின் நல்ல சொற்கள் அவர் கண்ணில் படுவதற்கு முன்பே நாளிதழ் மடிக்கப்பட்டுவிடும்.

இப்போது நாளிதழ்களைவிடக் கைபேசிகளே பெரிய தொல்லை. ஏர்வாடிப் பக்கம் வருகிறவர்களில் சிலர், தலையை ஆட்டி அரற்றுகிற ஒரு பெண்ணையோ தனக்குத் தானே பேசிக்கொண்டு நடக்கிற ஒரு பையனையோ கண்டால் உடனே கைபேசியை நீட்டிவிடுகிறார்கள். மாலைக்குள் அது பின்னணி இசையோடு யூடியூபில் ஏறிவிடுகிறது. மேற்சொன்ன சட்டத்தின் 24ஆம் பிரிவு, மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறும் ஒருவரின் புகைப்படத்தையோ பிற தகவலையோ அவரது ஒப்புதல் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரக் கூடாது என்கிறது. தர்கா வாசலிலும் பேருந்து நிலையத்திலும் இருப்பவருக்கு அந்தப் பிரிவு பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். ஒரு மனிதர் தன் வசத்தில் இல்லாத நேரத்தில் அவரைப் படம் பிடிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள யாருக்கும் சட்டப் புத்தகம் தேவைப்படாது.

இந்தப் பழக்கம் நம்மோடு தோன்றியதும் இல்லை. கேமரா கண்டுபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே அது மனநோய்க் காப்பகங்களுக்குள் நுழைந்துவிட்டது. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டக் காப்பகத்தின் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஹ்யூ டயமண்ட் என்ற மருத்துவர், 1850களில் தம் நோயாளிகளை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். முகத்தைப் பார்த்தே நோயைப் படித்துவிடலாம் என்பது அக்கால நம்பிக்கை. பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்னும் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவரின் மேற்பார்வையில் 1870களில் எடுக்கப்பட்ட படங்கள் தொகுதிகளாகவே அச்சாயின. டயமண்ட் 1856இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்த கட்டுரையில் வேறொன்றையும் சொன்னார். தங்களுடைய படத்தைத் தாங்களே பார்ப்பது சில நோயாளிகள் தேறி வர உதவியது என்பது அவருடைய கருத்து. தொழில்காரன் என்ற முறையில் எனக்கு அது பாதி தூரம் வந்து நின்றுபோன எண்ணமாகவே படுகிறது. படத்தை அவர்களிடம் காட்டினார். கேமராவைக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அன்றைய கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் தூக்கிச் சுமப்பது பெரும்பாடு என்பதையும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

காட்டப்படுவது ஒரு பக்கம் என்றால், மறைக்கப்படுவது இன்னொரு பக்கம். என் போன்ற ஸ்டுடியோக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை இங்கே சொல்கிறேன். கல்யாண வீட்டில் குடும்பப் படத்துக்கு எல்லோரையும் நிறுத்தும்போது, வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகில் வந்து, “அந்தப் பையன் வேண்டாம் தம்பி, அவனை விட்டுட்டு எடுங்க” என்று காதோடு சொல்வதுண்டு. சில நேரம் அந்தப் பையனை, கல்யாணம் முடிகிற வரை பின்கட்டிலோ உறவினர் வீட்டிலோ வைத்திருப்பார்கள். தங்கச்சிமடத்திலிருந்து தொண்டி வரை எத்தனையோ வீட்டு ஆல்பங்களை என் கையால் ஒட்டியிருக்கிறேன். முதல் நன்மைப் படம், பள்ளிக்கூடப் படம், புது வலையோடு படகில் நிற்கும் படம் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும் ஒருவர், பத்தொன்பது இருபது வயதுக்கு மேல் திடீரென்று ஆல்பத்தில் காணாமல் போய்விடுவார். இறந்திருந்தால் மாலை போட்ட படமாவது சுவரில் தொங்கும். இவருக்கு அதுவும் கிடையாது. மறுபடி அவர் எங்கள் கடைக்கு வருவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காகத்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகை மாற்றுத்திறன்களில் மனநோயும் ஒன்று என்பதால், நீல நிறத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். இருபது வயதுக்குப் பின் அந்த மனிதரின் வாழ்க்கைக்கு இருக்கும் ஒரே புகைப்படச் சாட்சி அதுவாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டு ஆல்பத்திலும் என் தம்பிக்கு அப்படி ஓர் இடைவெளி உண்டு.

தம்பிக்கு மாதம் ஒருமுறை ஊசியும் தினசரி மாத்திரையும் உண்டு. நோயால் அவன் காதுக்கு மட்டும் கேட்ட குரல்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. ஆனால் பகல் முழுவதும் என்ன செய்வது என்று தெரியாமல், படகுகள் கிளம்பிப் போன கரையில் உட்கார்ந்திருப்பான். கடலுக்குப் போக வீட்டில் விடுவதில்லை; அவனுக்கும் துணிவில்லை. அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் முதலில் கேட்டு, அவர் சரி என்ற பிறகு, கடையில் சும்மா கிடந்த ஒரு சிறிய கேனான் டிஜிட்டல் கேமராவை அவனிடம் கொடுத்தேன். எதை எடு, எப்படி எடு என்று எதுவும் சொல்லவில்லை. கிடைத்த படங்களில் அவன் தேர்ந்தெடுத்ததை நான்குக்கு ஆறு அளவில் அச்செடுத்து, இருவரும் கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அவன் சொல்வதைச் சொன்னபடியே படத்தின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன்.

முதலில் வந்தவை எல்லாம் கயிறுகள். கிழிந்த வலையிலிருந்து அறுத்துப் போட்ட நைலான் கயிறு, மணலில் பாதி புதைந்த கயிறு, உப்பேறி வெளுத்துப்போன கயிறு. தொழில் கண்ணுக்கு அவற்றில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் கூட மொட்டை உச்சி வெயில். ஏன் இத்தனை கயிறு என்று கேட்டேன். “கிழிஞ்ச வலையில அறுத்தது அண்ணே. எதுக்கும் ஆகாதுன்னு கரையில எறிஞ்சிருவாங்க. ஆனா அம்மா துணி காயப்போட கொடி கட்டுறதுக்கு இதைத்தான் எடுத்துட்டு வரும்” என்றான். அடுத்த படம் எங்கள் வீட்டுக் கொடிக் கயிறு. அவனுடைய சட்டையும் என் மகளின் பள்ளிச் சீருடையும் அதில் காய்ந்துகொண்டிருந்தன. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று அவன் பிடிவாதமாக இருந்தான். எந்த மனநலக் கேள்வித்தாளும் இந்தப் பதிலை அவனிடமிருந்து வாங்கியிருக்க முடியாது.

இன்னொன்று, பொழுது விடியும் முன் மீன் இறக்கும் இடத்தில் எடுத்த படங்கள். எல்லாமே ஆடிப்போய் இருந்தன. வெளிச்சம் குறைந்த நேரத்தில் ஷட்டர் மெதுவாக விழும். யார் கையிலும் கொஞ்சம் ஆடும். ஆனால் இவனுடைய படங்களில் ஒவ்வொரு பல்பும் ஒரே சீராக மேலும் கீழுமாகக் கோடு இழுத்திருந்தது. அதைக் காட்டிக் கேட்டபோது, “மாத்திரை போட்டா கை இப்படித்தான் ஆடும். சோறு எடுக்கையிலயும் ஆடும். பிள்ளைக பாக்குதுன்னுதான் எல்லார்கூடயும் உக்காந்து சாப்பிடுறதில்ல” என்றான். அவன் தனியாகச் சாப்பிடுவது அதுவரை மருத்துவக் குறிப்பேட்டில் ‘பிறரோடு சேர்வதில்லை’ என்று நோயின் அடையாளமாகவே பதிவாகி வந்திருந்தது. அடுத்த முறை போகும்போது அந்தப் படங்களையும் எடுத்துப் போனோம். டாக்டரம்மா அவற்றைப் பார்த்துவிட்டு அவனுடைய இரு கைகளையும் நீட்டச் சொன்னார்; மருந்தின் அளவைச் சற்றுக் குறைத்து, நடுக்கத்துக்குத் தனியே ஒரு மாத்திரை சேர்த்தார். இப்போது அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். மீன் குழம்பு இருக்கும் நாளில் மட்டும் என்று என் மனைவி கேலி செய்வார்.

மனநோய்க்குக் காரணம் சொல்ல எங்கள் பக்கத்தில் ஆளுக்குக் குறைவில்லை. நடுக்கடலில் பயந்துவிட்டான் என்றார் தாய்மாமன். செய்வினை என்றார்கள் பக்கத்து வீட்டார். மூளையில் சில வேதிப்பொருள்களின் சமநிலை மாறுவதோடு தொடர்புடையது, பரம்பரைக்கும் பங்குண்டு, ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது என்றார் மருத்துவர். நான் நம்புவது அவரைத்தான், தம்பியும் மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை. ஆனால் காரணம் தெரிந்துவிட்டாலும் இன்னொரு கேள்வி அப்படியே நிற்கிறது. என் வாழ்க்கையில் இது ஏன் வந்தது, வந்த பிறகு நான் யார், போன பத்து ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நோயில் இருப்பவர் தனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதற்கு மருத்துவரோ தாய்மாமனோ பதில் சொல்ல முடியாது. அவரே தன் கதையைக் கோத்துப் பார்த்தால்தான் உண்டு. கோப்பதற்கு வாய்ப்பேச்சு மட்டும் போதாதவர்கள் இருக்கிறார்கள். மனச்சிதைவில் எண்ணங்கள் தொடர்பற்றுச் சிதறும். மனச்சோர்வில் வாயே திறக்காது. அப்போது கையில் ஒரு படம் இருந்தால், கேட்பவரின் முகத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டு பேசலாம். அது எவ்வளவு பெரிய சலுகை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நோய் கடுமையாக இருந்த நாள்களில் தம்பிக்குக் கலங்கரை விளக்கத்தின் மேல் பெரும் அச்சம். அதன் ஒளி தன்னைத் தேடித்தான் சுற்றுகிறது என்று இரவில் சன்னல்களை எல்லாம் சாக்கால் அடைத்துவிடுவான். கேமரா கைக்கு வந்த பிறகும் வெகு காலம் அந்தப் பக்கமே திருப்பவில்லை. பிறகு பகலில் மட்டும், அதுவும் படகுகளின் கொடிமரங்களுக்கு இடையே சுண்டுவிரல் உயரத்தில் தெரியும்படி, தூரத்திலிருந்து எடுத்தான். அந்தப் படத்தின் பின்னால் நான் எழுதி வைத்திருப்பது அவன் சொன்னது: “அது என்னையத் தேடுச்சுன்னு நான் சொன்னது பொய்யில்ல அண்ணே. அப்ப எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. இப்ப அது போட்டுக்காரங்களுக்கு வழி காட்டுது.” மருத்துவர் இதைப் பிரமை என்பார், அவர் சொல்வது சரி. ஆனால் அந்தப் பிரமையோடு கழிந்த ஆண்டுகளும் அவனுடைய ஆண்டுகள்தானே. பொய் என்று அழித்துவிடாமலும், மெய் என்று மறுபடி அதற்குள் விழுந்துவிடாமலும் அவற்றைத் தன் கதைக்குள் வைத்துக்கொள்ள அவன் ஒரு வழி கண்டிருக்கிறான்.

இது ஏதோ பாம்பன் ஸ்டுடியோக்காரன் கண்டுபிடித்த வித்தை இல்லை. கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கேமராக்களைக் கொடுத்து, அவர்கள் தங்கள் அன்றாட வாழ்வைத் தாங்களே படமெடுத்து, அதைப் பற்றிக் கூடிப் பேசி, அதிகாரிகளின் முன் வைக்கும்படி செய்தார்கள். ‘ஃபோட்டோவாய்ஸ்’ என்று பெயர் பெற்ற அந்த முறையைப் பின்னர் பல நாடுகளில் மனநோயோடு வாழ்பவர்களும் கையாண்டிருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு படத்தையும் வைத்துக் கேட்கும் கேள்விகள் மிக எளியவை. இங்கே கண்ணுக்கு என்ன தெரிகிறது? உண்மையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது? நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஏன் இப்படி இருக்கிறது? இதற்கு நாம் என்ன செய்யலாம்? கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது என்பது என் அனுபவம். அதை விட்டால் பேச்சு வெறும் புலம்பலில் நின்றுவிடும். நடுக்க மாத்திரை கிடைத்தது அந்தக் கேள்வியால்தான்.

எச்சரிக்கைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் இதைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற அச்சத்தில் இருப்பவருக்குக் கேமராவே ஒரு பகையாகத் தோன்றலாம். நோய் முற்றியிருக்கும் நாள்களில் இது கூடாது. பித்து ஏறிய உற்சாகத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் படமெடுத்து ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, தெளிந்த பிறகு கூனிக் குறுகுகிறவர்களும் உண்டு. எனவே வெளியிடுவதற்கான ஒப்புதலை நலமாக இருக்கும்போது கேட்க வேண்டும். சில வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் காரணம் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சோகத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் முழுவதும் சரியில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தைப் பாதித்த நிகழ்வுகளை நான்கு நாள்கள் நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதிய கல்லூரி மாணவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது என்று கண்டார். ஆனால் எழுதிய அன்று அவர்களின் மனநிலை மோசமாகவே இருந்தது. மேலும் அவர்கள் நலமாக இருந்த மாணவர்கள். அந்த முடிவை மனச்சிதைவுக்கு அப்படியே பொருத்துவது தவறு. கதை சொல்லும் நாளில் பக்கத்தில் நம்பிக்கையான ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். படமும் கதையும் மருந்தின் இடத்தைப் பிடிக்க வந்தவை அல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்; எங்கள் வட்டாரத்தில் மாத்திரையை நிறுத்த ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் என்று காத்திருப்பவர்கள் பலர்.

தங்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். மனநலம் பற்றிய செய்திகளுக்கு, செய்தி உண்மையிலேயே ஒருவர் கட்டிப் போடப்பட்டதைப் பற்றியதாக இருந்தாலன்றி, சங்கிலிக் கோப்புப் படங்களை இனிப் பயன்படுத்துவதில்லை என்று தங்கள் நாளிதழ் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை மாவட்டப் பக்கத்தில் கால் பக்கம், மனநோயோடு வாழும் ஒருவர் எடுத்த ஒரு படத்துக்கும் அதைப் பற்றி அவர் சொந்தமாகச் சொன்ன சில வரிகளுக்கும் ஒதுக்கலாம். பெயர் போடுவதும் போடாததும் அவர் விருப்பம். மொழியைத் திருத்த வேண்டாம். ‘போட்டுக்காரங்க’ என்று சொன்னால் அப்படியே இருக்கட்டும். கண்ணீர் வடிக்கும் தலைப்பும் வேண்டாம்.

மாவட்ட மனநலத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளும் இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் அவர்களுக்கும் ஒரு சொல். இராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவில் காத்திருக்கும் நேரம் நீளமானது. சுவரில் இருப்பவை பெரும்பாலும் ‘செய்யாதீர்கள்’ வகைச் சுவரொட்டிகள். அங்கே காத்திருப்பவர்களே எடுத்த படங்களை, அவர்கள் சம்மதத்தோடு, அதே சுவரில் மாட்டலாம். மண்டபத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களிலும், கீழக்கரையில் கணவர் வளைகுடா நாட்டில் இருக்கத் தனியே குடும்பம் நடத்தும் பெண்களிலும், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஸ்டுடியோவுக்கு வர மாட்டார்கள், ஆனால் கைபேசியில் எடுத்த ஒரு படத்தைக் கிராமச் செவிலியரிடம் காட்டுவார்கள். ஆண்கள் நடத்தும் கூட்டத்துக்கு அவர்களை அழைப்பதைவிடச் செவிலியர் வழியே போவதுதான் காரியமாகும்.

அச்செடுக்கும் செலவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். சிகிச்சை பெறும் யாராக இருந்தாலும், அவர் தேர்ந்தெடுத்த படங்களை எங்கள் கடையில் கட்டணமின்றி அச்செடுத்துத் தருகிறேன். இந்த வட்டாரத்தில் இன்னும் சில ஸ்டுடியோக்காரர்களிடமும் பேசியிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தில் தம்பியைப் பற்றி எழுதியதை எல்லாம் அவனுக்குப் படித்துக் காட்டி, அவன் சரி என்று சொன்னதை மட்டுமே வைத்திருக்கிறேன். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னான், எடுத்துவிட்டேன். கயிறும் கொடிக் கயிறுமாக உள்ள அந்த இரு படங்களைத் தனி உறையில் இணைத்துள்ளேன். தாங்கள் வெளியிடுவதானால் இரண்டையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும், ஒன்றை மட்டும் போடுவதானால் எதையும் போட வேண்டாம் என்பது எடுத்தவரின் நிபந்தனை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு புகைப்பட ஸ்டுடியோ உரிமையாளர்
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்
(தம்பியின் நலன் கருதிப் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)